ராத்தாவின் இடது புருவம்

எங்கள் ராத்தாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'எடுப்புக்காரி' என்பார்கள். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சாய்ந்தமருதில் ஒரு சொல் ஒரு வளவுக்குள் நின்றுவிடுமா? கடற்கரைப் பக்கம் காலையில் சொன்னது அஸருக்குள் பிரதான வீதிக்கு வந்துவிடும். ராத்தாவுக்கும் அது தெரிந்தே இருந்தது.

அந்தப் பெயருக்குக் காரணம் அவரது இடது புருவம். வலதைவிட அது அரை விரற்கடை உயர்ந்து, நடுவில் வில்லாக வளைந்து நிற்கும். எதிரே நிற்பவரைப் பார்க்கும்போது தாடையையும் சற்றுத் தூக்கிக்கொள்வார். இரண்டும் சேர்ந்தால் 'நீ யார் எனக்கு?' என்று கேட்பது போலிருக்கும். வாய் ஒரு வார்த்தையும் பேசியிருக்காது. முகமே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடும்.

பாடசாலையில் முன் வாங்கில் இருந்து கரும்பலகையைப் பார்த்ததற்காக அவர் அடி வாங்கியிருக்கிறார். "என்ன முறைக்கிறாய்?" என்று கேட்டு ஓர் ஆசிரியர் கன்னத்தில் அறைந்தார். அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "நான் பலகையைத்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. ராத்தாவுக்குப் பன்னிரண்டு.

பெண் பார்க்க வந்தவர்களோடுதான் பெரிய வில்லங்கம். 1983இல் முதன்முதலாக ஒரு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, வட்டாவில் வைத்த வெற்றிலையையும் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் தகவல் வந்தது: "பொண்ணு எங்களையே மேலயும் கீழயும் அளந்து பாக்குது." அடுத்த முறை உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தலையை நிமிர்த்தக் கூடாது என்று. ராத்தா தலையைக் குனிந்துகொண்டு, விழிகளை மட்டும் உயர்த்தி வந்தவர்களைப் பார்த்தார். அப்போது இடது இமை கண்ணில் பாதியை மூடிக்கொண்டது. இந்த முறை வந்த தகவல் வேறு: "பொண்ணுட கண்ணில ஏதோ பழுது இரிக்கி."

நிமிர்ந்தால் எடுப்பு, குனிந்தால் பழுது. இதற்கு இடையில் ஒரு பெண் எப்படித்தான் உட்கார்வது?

1988இல் மருதமுனையிலிருந்து மச்சான் வந்தார். கைத்தறிக்காரர். அவர் புருவத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பின்னாளில் யாரோ பகிடியாகக் கேட்டதற்கு, "தறியில ரெண்டு பக்கமும் ஒரே அளவா நெய்யிறதே பெரிய பாடு. மனிசன்ட முகத்தில அதை எதிர்பார்க்கலாமா?" என்றாராம்.

அடுத்த வருடம் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு போடியாரின் மகளைப் பற்றியது. வயலில் வேலை செய்பவர்களை மனிதராக மதிக்காத ஒருத்தி. அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு முகம் இருந்தது. எடுத்துக்கொண்டேன். 'அவள் இடது புருவத்தை உயர்த்தினாள். அந்த உயரத்தில் அவளுடைய வாப்பாவின் இருபது ஏக்கர் வயலும் இருந்தது' என்று எழுதினேன். ஒரு சிறு சஞ்சிகையில் அது பிரசுரமானது. அந்த வரியை எடுத்துக்காட்டிப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. நான் உச்சி குளிர்ந்து போனேன்.

ராத்தா கதையை வாசித்தார். "கதை நல்லா இரிக்கி தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. ராத்தாவின் வீடு கரையோரத்தில்தான் இருந்தது. உயிர்கள் தப்பின. வீடும் தறியும் பெட்டகமும் போயின. அந்தச் சஞ்சிகையும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்த பிரதியும் அதற்கு முன்பே கறையான் தின்று முடிந்திருந்தது. அந்தக் கதை இனி எங்குமில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

2018ஆம் ஆண்டு ராத்தாவுக்கு ஐம்பத்தேழு வயது. நெற்றி நோவு என்று அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார். காலையில் இருக்காது. மக்ரிபுக்குப் பிறகு நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு இருப்பார். உயரத்தில் தொங்கும் எதுவும் தெரியாமல் தலையில் இடித்துக்கொள்வதும் நடந்தது. இடது இமை முன்னரைவிடத் தாழ்ந்திருந்தது. புருவமும் முன்னரைவிட உயர்ந்திருந்தது.

கொழும்பில் வேலை செய்யும் என் மருமகள், ராத்தாவின் இளைய மகள், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் அவள் சொன்னது நூலால் புருவ முடியை எடுத்துச் சமப்படுத்துவது. புருவம் களைவதை றசூலுல்லாஹ் சபித்திருக்கிறார்கள் என்று ராத்தா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பிறகு ஓர் அழகு நிலையத்தில் விசாரித்து வந்தாள். பொடொக்ஸ் என்கிற ஊசி. உயர்ந்து நிற்கும் புருவத்துக்கு மேலே நெற்றியில் இரண்டு மூன்று இடங்களில் போட்டால் புருவம் இறங்கி மற்றதோடு சமமாகுமாம். நெற்றி நோவும் போகுமாம். ஊசி மருந்துதானே, முடி களைவதல்லவே என்று ராத்தாவும் இணங்கினார். என்னிடம் கேட்டார். நானும் சரியென்று சொன்னேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் சரியென்று சொன்னேன்.

நாள் குறித்தாயிற்று. ராத்தாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. சீனி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணின் விழித்திரையைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். கொழும்புக்குப் போகிறோம், முதல் நாள் அதையும் முடித்துவிடுவோம் என்று கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டோம். அந்த ஒரு நாள் முந்தியதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கண் கிளினிக்கில் எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்கள டொக்டர். நடுத்தர வயதுப் பெண். கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. மிச்சத்தை நான் மொழிபெயர்த்தேன். விழித்திரையைப் பார்த்து முடித்த பிறகும் அவர் ராத்தாவை அனுப்பவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

இமை எப்போதிருந்து இப்படி? காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரியா? ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா? திடீரென்று தலையிடி வந்ததா? விழுங்குவதில், கதைப்பதில் களைப்பு வருகிறதா? ஒரு சிறு விளக்கை அடித்து இரண்டு கண்மணிகளின் அளவையும் ஒப்பிட்டார்.

ஏன் இத்தனை கேள்வி என்று நான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இமை தாழ்வது தனியொரு நோயல்ல. பல நோய்கள் அந்த ஓர் அடையாளத்தைக் காட்டும். மேலிமையைத் தூக்கும் முக்கியத் தசைக்கு மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்புதான் உயிர் கொடுக்கிறது. ஒருவருக்குத் திடீரென்று இமை விழுந்து, அந்தக் கண்ணின் மணியும் விரிந்து, கடுமையான தலையிடியும் வந்தால், மூளையின் இரத்தக் குழாயொன்று வீங்கி அந்த நரம்பை நெருக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அவரை அந்த மணித்தியாலமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இமை சற்றே தாழ்ந்து கண்மணி சுருங்கியிருந்தால் கழுத்து வழியாகப் போகும் வேறொரு நரம்புப் பாதையில் கோளாறு. கழுத்தின் இரத்தக் குழாயையும் நெஞ்சின் மேற்பகுதியையும் பார்க்க வேண்டும். சீனி வருத்தமும் சிலருக்கு மூன்றாம் நரம்பைத் தாக்கும். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை விழுந்தால் அது நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தி களைத்துப்போகும் நோயாக இருக்கலாம்.

அந்தக் கடைசி வகைக்கு ஓர் ஆளை நாங்கள் காலையில் வாங்கிலேயே கண்டிருந்தோம். பஸ் சாரதி. பின்னேரமானால் இரண்டு இமையும் விழுந்துவிடும் என்றும், வேலைக்கள்ளன் என்று பேர் வாங்கிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரது மூடிய கண்மேல் பனிக்கட்டிப் பையொன்றை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார்கள். இமை உயர்ந்து நின்றது. குளிரில் அந்தத் தசை சற்று நேரம் வேலை செய்யுமாம். அவருக்குத் தேவை மாத்திரையும் மேற்கொண்டு பரிசோதனையும், கத்தியல்ல. அவரும் ஊரில் ஒரு பட்டப்பெயரைச் சுமந்தவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கேள்விகள் முடிந்தன. டொக்டர் எழுந்து வந்து, ராத்தாவின் இடது புருவத்தின்மேல் தன் பெருவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார். "இப்போது கண்ணைத் திறங்கள்" என்றார்.

ராத்தா திறந்தார். வலது கண் திறந்தது. இடது கண் திறக்கவில்லை என்றே சொல்லலாம். இமை நடுங்கியது, ஒரு கோடளவு உயர்ந்தது, கண்மணியின் மேற்பாதியில் நின்றுவிட்டது. ராத்தாவின் முகம் முழுவதும் அதைத் தூக்க முயல்வது தெரிந்தது. பெருவிரலின் கீழே புருவம் துடித்தது. டொக்டர் விரலை எடுத்தார். புருவம் தன் பழைய இடத்துக்கு விருட்டென்று ஏறியது. அதனோடு இமையும் ஏறியது.

"இவ புருவத்தால்தான் பார்க்கிறா" என்றார் டொக்டர், தன் அரைத் தமிழில்.

எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. கன்னத்தில் விழுந்த அறை நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நினைவுக்கு வந்தார்கள். 'இருபது ஏக்கர் வயல்' நினைவுக்கு வந்தது. ஐம்பத்தேழு வருடமாக அந்தப் புருவம் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இமையைத் தூக்க வேண்டிய தசை பலவீனமாயிருக்க, நெற்றித் தசை அதற்குக் கைகொடுத்திருக்கிறது. அதுவும் போதாதபோது தாடை உயர்ந்திருக்கிறது, தாழ்ந்த இமையின் கீழிருக்கும் இடைவெளியால் உலகத்தைப் பார்ப்பதற்காக. நாங்கள் எடுப்பு என்று பெயர் வைத்தது ஒரு தசையின் கூலி வேலைக்கு. மாலையில் நெற்றி நோகாமல் என்ன செய்யும்?

டொக்டர் ஒரு சிறு அடிமட்டத்தை எடுத்து அளந்தார். கண்மணியின் நடுவிலிருந்து மேலிமையின் ஓரத்துக்குச் சாதாரணமாக நாலு அல்லது ஐந்து மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ராத்தாவின் வலது கண்ணில் நாலு, இடதில் ஒன்றரை. பிறகு புருவத்தை அழுத்திப் பிடித்தபடி கீழே பார்க்கச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார். அந்தப் பயணத்தில் இமை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதுதான் தசையின் பலம். வலது பதினாலு மில்லிமீற்றர். இடது ஏழு. கீழே பார்க்கும்போது மட்டும் இடது இமை வலதைவிட உயர்ந்தே நின்றது. அதைக் காட்டி, இது பிறவியில் வந்தது என்றார். பிறவிக் குறையில் அந்தத் தசையின் நார்களுக்குப் பதிலாக நீளவும் சுருங்கவும் தெரியாத இழையம் இருக்கும். அதனால் இமை மேலேயும் சரியாக ஏறாது, கீழேயும் சரியாக இறங்காது. ராத்தாவுக்குக் குனிந்து ஓதுவதும் வாசிப்பதும் சிரமமாக இல்லாமல், கரும்பலகை மட்டும் ஏன் சிரமமாயிருந்தது என்பது அப்போது விளங்கியது. வயதோடு தோலும் தசைநாணும் தளர்ந்து பழைய குறையை இன்னும் கூட்டியிருக்கின்றன.

ஆனாலும் டொக்டர் உறுதிக்காகப் பழைய படம் கேட்டார். சிறு வயதுப் படத்தில் இமை எப்படியிருந்தது என்று பார்ப்பது இதில் வழக்கமாம். எங்களிடம் படம் ஏது? வீட்டில் படமெடுக்கும் பழக்கமும் குறைவு, இருந்ததைக் கடலும் கொண்டுபோயிற்று. ஊரில் ராத்தாவோடு படித்த ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லி, பாடசாலைக் குழுப்படமொன்றைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். இரண்டாம் வரிசையில் பத்து வயது ராத்தா. தாடை உயர்ந்து, புருவம் உயர்ந்து, இமை பாதி மூடி. அந்த வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் படப்பெட்டியைப் பார்க்கிறார்கள். ராத்தா மட்டும் அதைப் பார்ப்பதற்காகப் பாடுபடுகிறார்.

அப்போதுதான் மருமகள் மறுநாள் போடவிருந்த ஊசியைப் பற்றிச் சொன்னாள். டொக்டரின் முகம் மாறியது.

அந்த ஊசி மருந்து கெட்டதல்ல என்றார். மாறுகண்ணுக்காகவும், கண்கள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்காகவுமே 1989இல் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது. அழகுக்காக வந்தது பிறகுதான். தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைப்பதே அதன் வேலை. இமை நன்றாக இருந்து, புருவம் மாத்திரம் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால், விரும்புகிறவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று நாலு மாதத்தில் பலன் போய்விடும். ஆனால் ராத்தாவின் நெற்றித் தசையைத் தளர்த்தினால் என்ன நடக்கும்? அவர் மறுபடியும் தன் பெருவிரலைக் காற்றில் அழுத்திக் காட்டினார். அந்த விரலைச் சில மாதங்களுக்கு அங்கேயே வைத்திருப்பதற்குச் சமம். புருவங்கள் சமமாகியிருக்கும். இடது கண் மூடியிருக்கும்.

மருமகள் அழுதுவிட்டாள். ராத்தா அவளின் முதுகைத் தடவி, "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச மனே" என்றார்.

இனி இருந்த வழிகளை டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசகர்களில் யாருக்காவது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றும் செய்யாமலும் விடலாம். பெரியவர்களுக்கு இது உயிராபத்தில்லை. சிறு பிள்ளைகளுக்கு அப்படியல்ல. இமை கண்மணியை மறைத்தால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாமலே போய்விடும். பிறகு இமையைத் தூக்கினாலும் பார்வை வராது. ஆகவே பிறந்த பிள்ளைக்கு இமை தாழ்ந்திருந்தால் 'வளர வளரச் சரியாகும்' என்று இருந்துவிடக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு உடல் இடங்கொடாதவர்களுக்கு மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கம்பியொன்றைப் பொருத்தி இமையைத் தாங்க வைக்கலாம். இமையின் தோல் மட்டும் தொங்குகிறவர்களுக்கு மேலதிகத் தோலை வெட்டி எடுத்தால் போதும். ஆனால் தசையில் குறையிருக்கத் தோலை மட்டும் வெட்டினால் இமை ஏறாது. முகவாதம் வந்து புருவமே விழுந்தவர்களுக்குப் புருவத்தைத் தூக்கித் தைக்க வேண்டும். தசை நல்ல பலத்தோடு இருந்து, குறை சிறிதாக இருந்தால் இமையின் உட்புறமாகவே சிறியதொரு சிகிச்சை செய்யலாம். தசையின் பலம் நடுத்தரமாயிருந்தால் அதைச் சுருக்கித் தைத்து வலுப்படுத்துவார்கள். நாலு மில்லிமீற்றருக்கும் குறைவாயிருந்தால் தசையை நம்பிப் பயனில்லை. தொடையிலிருந்து எடுத்த இழையத்தாலோ சிலிக்கன் நாராலோ இமையை நெற்றித் தசையோடு தொடுத்துவிடுவார்கள். அதாவது ராத்தா தானாகவே கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்த வேலையை நூல்போட்டு உறுதியாக்குவது. இதன் பிறகு, 2020இல், சொட்டு மருந்தொன்றும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இமையிலுள்ள இன்னொரு சிறு தசையை அது சில மணித்தியாலங்களுக்குச் சுருங்கச் செய்யும். ஆனால் அது வளர்ந்த பின் வந்த தளர்வுக்கானது.

ராத்தாவுக்கு இரண்டு கிழமை அவகாசம் கேட்டோம். அவருக்கு மனதில் ஒன்று தங்கியிருந்தது. "தம்பி, இது அல்லாஹ்ட படைப்பை மாத்துறதா ஆகிடுமா?" என்று கேட்டார். புருவமுடியைத் தொட மறுத்தவர் அல்லவா? ஊரில் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஓர் ஆலிமிடம் போனோம். அவர் அர்பஜா என்ற ஸஹாபியின் சம்பவத்தைச் சொன்னார். குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்தினார், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபியவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்றிருக்கவே அந்த அனுமதி. குறையை நீக்குவது வேறு, அழகுக்காக மாற்றுவது வேறு என்றார் ஆலிம். "படைத்தவன் கண்ணைப் பார்க்கத்தானே தந்தான்" என்று சொல்லி முடித்தார். பத்தாம் நூற்றாண்டுக் குர்துபாவில் அஸ்ஸஹ்ராவி எழுதிய முப்பது பாக மருத்துவ நூலில், தளர்ந்து விழுந்த இமைக்குச் சூடு வைக்கும் முறையும் இருப்பதை நான் அப்போது சொன்னேன். "சூடா? அப்ப நான் பிந்திப் பிறந்தது நல்லம்" என்றார் ராத்தா.

சத்திரசிகிச்சை இமையை மட்டும் விறைக்கச் செய்துதான் நடந்தது. இடையில் ராத்தாவை எழுந்திருக்க வைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லி, உயரம் பார்த்துத் தைத்தார்களாம். சரியாக வரும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. குறைவாகவோ கூடவோ ஏறலாம், மறுபடி தைக்க வேண்டி வரலாம் என்றெல்லாம் முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவாகவே கட்டளை அனுப்புவதால், ஒன்றைத் தூக்கும்போது மற்றது சற்று இறங்குவதும் உண்டு. ஹேரிங் என்ற ஜேர்மானியரின் பெயரால் அந்த விதி அழைக்கப்படுகிறது. ராத்தாவின் இமையை விரலால் தூக்கிப் பிடித்து அதையும் முன்கூட்டியே பார்த்திருந்தார்கள்.

முதல் கிழமை கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போயிருந்தது. நித்திரையில் இமை முழுதாக மூடவில்லை. இரவில் களிம்பும் பகலில் சொட்டு மருந்தும் போட்டு, கண் காய்ந்துபோகாமல் மருமகள் பார்த்துக்கொண்டாள். களிம்பு இன்றுவரை தேவைப்படுகிறது. ஆனால் நெற்றி நோவு மூன்றாம் கிழமை நின்றது. புருவம் ஒரே நாளில் இறங்கவில்லை. தனக்கினி வேலையில்லை என்பதை நம்ப அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிடித்தது. இப்போதும் வலதைவிட ஒரு நூலளவு உயரம்தான். அளவெடுத்துப் பார்த்தால் யாருடைய இரண்டு புருவமும் ஒன்றல்ல என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

தையல் வெட்டிவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் நான் கதையைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஒரு மாதிரி சுற்றி வளைத்து, "ராத்தா, நான் அந்தக் காலத்தில ஒரு கதை எழுதினன்" என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அந்த வரியைச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. சஞ்சிகையைக் கடல் கொண்டுபோய்ப் பதினாலு வருடம். எழுதிய எனக்கே 'அந்த உயரத்தில்' என்றிருந்ததா, 'அந்த உயர்வில்' என்றிருந்ததா என்பது சந்தேகமாயிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது சரியாக வந்ததோ தெரியாது. பஸ்ஸின் இரைச்சல் வேறு. ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதில ஒரு பிழை இரிக்கி தம்பி. நம்மட வாப்பாக்கு இருபது ஏக்கர் எங்க இரிந்திச்சி? ரெண்டு ஏக்கர். அதுவும் குத்தகை" என்றார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் கைவசமிருந்த என் கதைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினொரு இடங்களில் யாரோ ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். பதினொன்றிலும் அவர் கெட்டவர் அல்லது கர்வம் பிடித்தவர். ஓர் இடத்திலாவது, இந்தப் புருவம் ஏன் உயர்ந்திருக்கிறது என்று நான் நின்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுத்தாளனாக எனக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும். தம்பியாக எனக்கு ஒரு ராத்தா கிடைத்திருப்பார், முப்பது வருடம் முந்தி.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையைப் பற்றி ராத்தா யாரிடமும் விளக்கவில்லை. கண்ணில் ஒரு சின்ன வேலை என்று மட்டும் சொல்லி வைத்தார். சில மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் வயதான பெண்ணொருவர் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம்: "ஒங்கட மதினி இப்ப நல்லாப் பணிஞ்சிட்டா கா. முந்தின எடுப்பு இல்ல. வயசு போகக்குள்ள அல்லாஹ் கல்பை இளக்கிறான்."

மனைவி இதை ராத்தாவிடம் வந்து சொன்னபோது நானும் அங்கிருந்தேன். ராத்தா ஏதும் சொல்லாமல் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார். இடது புருவம் மெல்ல மேலே ஏறியது. இமைக்கு இப்போது அதன் உதவி தேவையில்லை. அது வேறெதற்காகவோ ஏறியது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவென்று இம்முறை அவரிடமே கேட்டேன்.